கத்தரிக்காயில் ஒரு புதிய புரதம்: ஒவ்வாமையை எப்படி எடைபோடுவது?

மரபணு மாற்றிய பிடி கத்தரியைச் சாகுபடிக்கு விடலாம் என்று மத்திய அரசின் மரபணுப் பொறியியல் குழுவான ஜிஇஏசி 2009 அக்டோபர் 14 அன்று முடிவெடுத்தது. நான்கு மாதம் ஆவதற்குள், 2010 பிப்ரவரி 9 அன்று, அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். இடையில் ஏழு நகரங்களில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். அந்த ஏழில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை. நமக்குப் பக்கம் என்றால் பெங்களூருதான்.

வேலூர், ஆம்பூர் பக்கத்தவர்களுக்கு இது எங்கோ நடந்த விவகாரம் அல்ல. அணைக்கட்டு வட்டாரத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆம்பூரில் பிரியாணி என்றால் பக்கத்தில் கத்தரிக்காய்த் தொக்கு இருந்தாக வேண்டும். கல்யாண வீடானாலும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டலானாலும் அது மாறாது. மஹைகோ நிறுவனத்தின் பிடி மரபணுவைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் ஏற்றிய நான்கு ரகங்களும் நம்முடையவை: கோ 2, மதுரையின் எம்டியு 1, கிள்ளிகுளத்தின் கேகேஎம் 1, பாலூரின் பிஎல்ஆர் 1. இலவம்பாடி ரகம் அதில் இல்லை. ஆனால் கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்த்தாலும், தேனீயும் வண்டும் அடுத்த வயல் மகரந்தத்தையும் கொண்டுவரத்தான் செய்யும்.

தண்டு, காய்த் துளைப்பான் புழுவுக்கு அஞ்சி விவசாயி திரும்பத் திரும்ப மருந்தடிக்கிறார். புழு குருத்துக்குள்ளும் காய்க்குள்ளும் புகுந்துகொள்வதால், மேலே அடித்த மருந்து உள்ளே எட்டுவதும் இல்லை. இதற்கு மாற்றாகத்தான், பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாக பிடி) என்ற மண் பாக்டீரியாவின் கிரை 1ஏசி என்ற புரதத்தைச் செடியே உற்பத்தி செய்யும்படி மாற்றினார்கள். தேவை உண்மையானது. அதற்காகக் கொடுக்கும் விலை என்ன என்பதும் உண்மையான கேள்விதான். அந்த விலையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் இங்கே பார்க்கிறேன்: மனிதர் வழிவழியாகக் காய்கறியில் உண்டிராத ஒரு புரதம் யாருக்காவது ஒவ்வாமை தருமா என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

உலகம் இதற்கென்று வகுத்திருக்கும் சோதனைகள் ஏற்கெனவே தெரிந்த ஆபத்தை நன்றாகவே பிடிக்கின்றன. தெரியாததைப் பிடிப்பதில் தடுமாறுகின்றன. நம் மக்களைப் பொறுத்தவரை அந்தத் தடுமாற்றம் இரட்டிப்பாகிறது. ஏனென்றால், இன்றிருக்கும் சாதாரணக் கத்தரிக்காய் நம்மவர்களுக்கு என்ன செய்கிறது என்ற கணக்கே நம்மிடம் போதுமான அளவு இல்லை.

சொறி சிரங்கு இருந்தால் கத்தரிக்காயும் கருவாடும் ஆகாது என்பது வீட்டுப் பெரியவர்கள் சொல்வது. அதை மூடநம்பிக்கை என்று தள்ளவும் முடியாது, அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. மைசூரு உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தினர் பங்கெடுத்து, 741 பேரிடம் நடத்தி, 2008இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொட்டுப் பார்த்தது. கத்தரிக்காய் தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றவர்கள் கணிசமாக இருந்தார்கள். மருத்துவ முறைப்படி ஒவ்வாமை உறுதியானவர்களோ நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. மற்றவர்கள் பொய் சொன்னார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. கத்தரிக்காயில் ஹிஸ்டமின் போன்ற பொருள்கள் இயல்பாகவே இருக்கின்றன. நோய் எதிர்ப்பு மண்டலம் தலையிடாமலேயே அவற்றால் அரிப்பு வரலாம். புரதமே அல்லாத ஒரு சிறு மூலக்கூறு கத்தரிக்காய் ஒவ்வாமைக்குக் காரணமாக இருக்கலாம் என்றுகூட அதே நிலையத்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது.

தோலில் வருவதும் ரத்தத்தில் இருப்பதும்

நம் பக்கத்துத் தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்தவர்களுக்கு அலர்ஜி என்றால் முதலில் நினைவுக்கு வருவது கையில் வெடிக்கும் தோல்தான். குரோம் உப்பில் நனைந்த தோலைத் தூக்கி, விரித்து, அடுக்கியே வருடங்கள் போனவர்களின் விரலிடுக்கில் அது தெரியும். இது குரோமியம் என்ற உலோகத்தால் வரும் தொடு ஒவ்வாமை. உலோக அணு தானாக எதையும் தூண்டுவதில்லை. தோலுக்குள் இறங்கி, உடம்பின் சொந்தப் புரதங்களோடு ஒட்டி, அவற்றை அந்நியமாகக் காட்டிவிடுகிறது. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்கள் மெதுவாக வேலை செய்வதால், தொட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் கொப்புளம் எழும். தோல் மருத்துவர்கள் முதுகில் டைகுரோமேட் தடவிய பட்டையை ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்ப்பது இதனால்தான்.

உணவுப் புரத ஒவ்வாமை வேறு வழியில் நடக்கிறது. ஒருவர் முதலில் அந்தப் புரதத்தைச் சந்திக்கும்போது உடம்பு அதற்கென்றே ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை உண்டாக்கி, தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் பொருத்தி வைக்கிறது. அப்போது எதுவும் தெரியாது. அடுத்த முறை அதே புரதம் வந்ததும் அந்தச் செல்கள் சில நிமிடங்களில் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. உதடு வீங்குவது, தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு, சிலருக்கு ரத்த அழுத்தம் சரிந்து உயிராபத்து. இதற்கான சோதனை முன்கையின் உள்பக்கத்தில் ஒரு துளி சாற்றை வைத்து ஊசியால் லேசாகக் குத்துவது. பதினைந்து, இருபது நிமிடத்தில் தடிப்பு வருகிறதா என்று பார்ப்பார்கள்.

இந்த வேறுபாட்டை நம் பகுதியில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாளைக்கு ஒரு புதிய பயிர் வந்து யாருக்கோ அரிப்பு வந்தால், அது குரோமா, பூச்சிமருந்தா, கத்தரியின் பழைய வேதிப்பொருளா, புதிய புரதமா என்று பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். 2005இல் மத்தியப் பிரதேசத்தில் பிடி பருத்தி எடுத்தவர்களுக்குத் தோலரிப்பு என்று ஓர் அறிக்கை வந்தது. அறிகுறிகளைப் பதிவு செய்தார்கள், காரணத்தைச் சோதித்து நிறுவவில்லை. ஒரு தரப்பு அதை நிரூபணம் என்றது, மறுதரப்பு வதந்தி என்றது. அந்தத் தொழிலாளர்களுக்கு வந்தது என்ன என்ற கேள்விக்குக் கடைசிவரை பதில் வரவில்லை. அவர்களுக்கு நாம் செய்த அநீதி அது.

பிரேசில் கொட்டை தந்த பாடம்

கால்நடைத் தீவனத்துக்குச் சோயா நல்லது, ஆனால் அதில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு. அமெரிக்காவின் பயனியர் விதை நிறுவனம் அந்தக் குறையைத் தீர்க்க, மெத்தியோனின் நிறைந்த ஒரு புரதத்தின் மரபணுவைப் பிரேசில் கொட்டையிலிருந்து எடுத்துச் சோயாவில் வைத்தது. பிரேசில் கொட்டை சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும் என்பது முன்பே தெரியும். ஆகவே அந்த ஒவ்வாமை உள்ளவர்களின் ரத்த சீரத்தை வாங்கிப் பார்த்தார்கள். ஒன்பது பேரில் எட்டுப் பேரின் ஐஜிஇ அந்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டது. மூன்று பேருக்குத் தோல் குத்துச் சோதனையிலும் மாற்றிய சோயா தடிப்பை உண்டாக்கியது. சாதாரண சோயா உண்டாக்கவில்லை. முடிவுகள் 1996இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்தன. அந்தச் சோயா சந்தைக்கே வரவில்லை.

மரபணு மாற்றத்தை எதிர்ப்பவர்கள் இதை ஆபத்துக்குச் சான்றாகவும், ஆதரிப்பவர்கள் சோதனை வேலை செய்ததற்குச் சான்றாகவும் காட்டுவார்கள். இரண்டுமே சரிதான். ஆனால் இந்தச் சோதனை ஏன் வெற்றி பெற்றது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். கொட்டை பழைய உணவு. அதற்கு ஒவ்வாமை உள்ளவர்கள் இருந்தார்கள், அவர்களை மருத்துவர்கள் அறிந்திருந்தார்கள், அவர்களின் சீரம் ஆய்வுக்கூடத்தில் இருந்தது. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் விடை கிடைத்திருக்காது.

2001இல் ரோமில் கூடிய உணவு வேளாண் அமைப்பு, உலக சுகாதார நிறுவன நிபுணர் குழுவும், 2003இல் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் ஆணையமும் இதற்கென்று நெறிமுறை வகுத்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதே பாதையில் போகிறது. ஒரே சோதனையை நம்பாமல் பல சான்றுகளைச் சேர்த்து எடைபோடு என்பதுதான் கோடெக்ஸின் சாரம். மரபணு எங்கிருந்து வந்தது, அந்த மூலத்துக்கு ஒவ்வாமை வரலாறு உண்டா என்பது முதல் கேள்வி. அடுத்து, புதிய புரதத்தின் அமினோ அமில வரிசையை, உலகில் அறியப்பட்ட ஒவ்வாமைப் புரதங்களின் வரிசைகளோடு கணினியில் ஒப்பிடுவது. 80 அமினோ அமிலம் கொண்ட எந்தத் துண்டிலும் 35 சதவீதத்துக்கு மேல் ஒற்றுமை இருந்தால் சந்தேகம், மேல் சோதனை தேவை. ஆறு அமிலம் அடுத்தடுத்து ஒன்றாக வந்தாலே சந்தேகம் என்று ரோம் கூட்டம் சொன்னது. தற்செயலாகவே ஆறு பொருந்திவிடுவதால் அது வீண் அபாய மணிகளை நிறைய அடித்தது. எட்டு என்று வைத்துக்கொள்பவர்கள் உண்டு, அந்தக் கணக்கையே கைவிட்டவர்களும் உண்டு.

கணினி ஒப்பீடு மலிவானது, விரைவானது. இறாலின் டிரோபோமையோசினைப் போன்ற ஒரு புரதம் தெரியாமல் பயிருக்குள் நுழைந்தால் அது உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பட்டியலில் இல்லாததை அது எப்படிக் காட்டும்? நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் பராமரிக்கும் பட்டியல் போன்றவை, பெருமளவு மேற்கு நாட்டு நோயாளிகளிடமும் அவர்கள் உண்ணும் பொருள்களிலும் நடந்த ஆய்வுகளில் வளர்ந்தவை. முருங்கைக்கோ, கொள்ளுக்கோ, நம் சிறுதானியங்களுக்கோ யாருக்கு எந்தப் புரதத்தால் ஒவ்வாமை என்று ஆராய்ந்து பதிந்தால்தான் அது அந்தப் பட்டியலில் ஏறும்.

கண்ணாடிக் குழாயில் ஒரு வயிறு

ஒவ்வாமைப் புரதங்களில் பல செரிமானத்தைத் தாக்குப்பிடிப்பவை என்பதால் பெப்சின் சோதனை வந்தது. குழாயில் வயிற்று அமிலத்துக்கு நிகரான கரைசல், அமிலத்தன்மை பிஎச் 1.2, வெப்பம் 37 டிகிரி. பன்றியின் வயிற்றிலிருந்து எடுத்த பெப்சின் நொதியை அளந்து சேர்த்து, ஆராயப்படும் புரதத்தை விடுகிறார்கள். அரை நிமிடத்தில் ஒரு சொட்டு, ஒரு நிமிடத்தில், இரண்டு, ஐந்து, பத்து என்று ஒரு மணி நேரம் வரை சொட்டுச் சொட்டாக எடுத்து, சோடியம் கார்பனேட்டால் அமிலத்தை முறித்து நிறுத்துகிறார்கள். பிறகு ஜெல்லில் ஓட்டிச் சாயமேற்றினால் புரதம் நீலக் கோடாகத் தெரியும். கிரை 1ஏசி போன்ற புரதத்தின் கோடு முதல் சில கட்டங்களிலேயே காணாமல் போய்விடும். வேர்க்கடலைப் புரதம் ஒன்றின் கோடு நீண்ட நேரம் பிடிவாதமாக நிற்கும்.

பார்க்கத் தெளிவாக இருக்கும் இந்தச் சோதனைக்கு விதிவிலக்குகளும் தெளிவாகவே இருக்கின்றன. பாலின் கேசின் பெப்சினில் சீக்கிரம் சிதைகிறது. பால் ஒவ்வாமைக்கோ அது முக்கியக் காரணம். செரிக்காமல் நிற்கும் புரதங்களில் ஒவ்வாமை தராதவையும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, பிஎச் 1.2 என்பது நலமான, வெறும் வயிற்றுப் பெரியவரின் கணக்கு. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைக் காலையில் டீக்கு முன்னால் போட்டுக்கொள்பவர்கள் இன்று எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். அந்த மருந்தோடு மீன் புரதம் உட்கொண்டால் ஒவ்வாமை எளிதில் உருவாகிறது என்று வியன்னா ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள்.

வேலூருக்கு இதில் தனி இடம் இருக்கிறது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ககன்தீப் காங் குழு, நகரின் நெருக்கடியான குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்தது. பல நாடுகளில் நடந்த மால்-எட் ஆய்வின் இந்தியத் தளம் வேலூர்தான். லாக்டுலோஸ், மானிட்டால் என்ற இரண்டு சர்க்கரைகளைக் குடிக்கக் கொடுத்து, சிறுநீரில் எவ்வளவு வருகிறது என்று அளந்தால் குடல் சுவர் எவ்வளவு கசிகிறது என்று தெரியும். மீண்டும் மீண்டும் கிருமித் தொற்றுக்கு ஆளாகும் குழந்தைகளின் குடல், வெளியே நோய் தெரியாதபோதும் இயல்பாக இருப்பதில்லை என்பதை இத்தகைய ஆய்வுகள் காட்டின. கசியும் குடல் வழியே முழுப் புரதம் உள்ளே போகும் வாய்ப்பு எவ்வளவு, அது ஒவ்வாமையை வளர்க்குமா, மாறாகத் தொற்றுகள் ஒவ்வாமையைக் குறைக்குமா என்பதெல்லாம் விவாதத்தில் உள்ளவை. ஆனால் பெப்சின் குழாய் இந்தக் குழந்தையின் வயிறு அல்ல என்பதில் விவாதத்துக்கு இடமில்லை.

யாருடைய சீரம்?

புதிய புரதம் ஏதாவது ஒவ்வாமைப் புரதத்தை ஒத்திருந்தால், அந்த ஒவ்வாமை உள்ளவர்களின் சீரத்தில் சோதிக்க வேண்டும் என்கிறது கோடெக்ஸ். இங்கேதான் நம் நாட்டுக்கே உரிய சிக்கல் எழுகிறது. பெங்களூரு, மைசூருப் பகுதிப் பெரியவர்களிடம் நடந்து 2016இல் வெளியான யூரோப்ரிவால் ஆய்வில், 26.5 சதவீதம் பேரின் ரத்தத்தில் ஏதாவது ஓர் உணவுக்கு எதிரான ஐஜிஇ இருந்தது. ஆனால் உணவு ஒவ்வாமை இருக்கக்கூடியவர் என்று கணிக்கப்பட்டவர்கள் வெறும் 1.2 சதவீதம். அதாவது, எதிர்ப்பொருள் இருக்கிறது, நோய் இல்லை. தாவரப் புரதங்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளுக்கு எதிரான ஐஜிஇ பொதுவாக நோயை உண்டாக்குவதில்லை. குடற்புழுக்களும் மகரந்தமும் கரப்பான்பூச்சியும் ஐஜிஇயைத் தூண்டக்கூடியவை. எது எவ்வளவு காரணம் என்பது இன்னும் தீர்ந்த கணக்கல்ல.

இதன் விளைவு இருபுறமும் வெட்டும். நம் ஊரில் நாலு பேரின் சீரத்தைக் கண்டபடி எடுத்துச் சோதித்தால், ஆபத்தில்லாத புரதம்கூட ஆபத்தாகத் தெரியும். ஐரோப்பிய நோயாளிகளின் சீரத்தை வாங்கிச் சோதித்தால், நம்மவர்களுக்கு மட்டும் வரக்கூடிய ஆபத்து தெரியாமலே போகும். உண்ணக் கொடுத்து, கண்முன் கவனித்து, ஒவ்வாமை உண்டு என்றும் இல்லை என்றும் உறுதிசெய்யப்பட்டவர்களின் சீரம், அவர்கள் மனமொப்பிக் கொடுத்தது, உறைநிலையில் சேமிக்கப்பட்டு எந்த ஆய்வாளருக்கும் கிடைக்கும்படி இருக்க வேண்டும். இது இல்லாமல் இந்தியாவில் நடக்கும் எந்த மதிப்பீட்டையும் முழுமையானது என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

சீரம் இல்லாமல் பின்னால் தேடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு ஸ்டார்லிங்க் மக்காச்சோளம் சாட்சி. அதில் இருந்த கிரை 9சி புரதம் வெப்பத்திலும் செரிமானத்திலும் எளிதில் சிதையாததால், 1998இல் அமெரிக்கா அதைத் தீவனத்துக்கு மட்டும் அனுமதித்தது. 2000 செப்டம்பரில் கடைகளில் விற்ற டாக்கோ ஓடுகளில் அது கிடந்தது தெரியவந்தது. முந்நூறு அளவிலான உணவுப் பொருள்களைத் திரும்பப் பெற்றார்கள். ஒவ்வாமை வந்ததாகச் சொன்னவர்களில் 28 பேரின் அறிகுறிகள் பொருந்தின. 17 பேர் ரத்தம் கொடுத்தார்கள். யாரிடமும் கிரை 9சிக்கு எதிரான ஐஜிஇ காணப்படவில்லை என்று 2001 ஜூனில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. சோதனைக்குப் பயன்பட்டது மக்காச்சோளத்திலிருந்து எடுத்த புரதம் அல்ல, பாக்டீரியாவில் உண்டாக்கியது என்ற குறை பிறகும் எழுப்பப்பட்டது. தீவனம் தனி, உணவு தனி என்ற கோடு காகிதத்தில்தான் நின்றது. 2019இல் ஹரியானாவின் ஃபதேஹாபாத்தில் தடைசெய்யப்பட்ட பிடி கத்தரி வயலில் விளைந்திருந்ததை எண்ணிப் பார்த்தால், நம் நாட்டுக் கோடும் அப்படித்தான்.

பட்டாணி, கத்தரி, அடுப்பு

பாக்டீரியாவில் செய்த புரதமும் செடியில் விளைந்த புரதமும் ஒன்றா என்பது வெறும் நுணுக்கம் இல்லை. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ, பீன்ஸின் அமைலேஸ் தடுப்பான் மரபணுவைப் பட்டாணியில் வைத்து வண்டை விரட்டப் பார்த்தது. பீன்ஸில் தொல்லை தராத அந்தப் புரதம், பட்டாணியில் சற்றே வேறுவிதமாகச் சர்க்கரை ஏறி, எலிகளின் நோய் எதிர்ப்பைத் தூண்டியது என்று 2005இல் முடிவு வெளியானது. பல ஆண்டு உழைப்பைக் கைவிட்டார்கள். ஆனால் 2013இல் வேறொரு குழு மறுபடி சோதித்தபோது, எலிகள் பீன்ஸ் புரதத்துக்கும் மாற்றாத பட்டாணிக்கும்கூட அதேபோல எதிர்வினை காட்டின. எலியை வைத்து மனித உணவு ஒவ்வாமையைச் சொல்லும் நம்பகமான மாதிரி இன்னும் கிடைக்கவில்லை. கிரை 1ஏசி எலிகளில் நோய் எதிர்ப்பைத் தூண்டும் வல்லமை உள்ளது என்று மெக்சிகோ ஆய்வாளர்கள் 1990களின் இறுதியிலிருந்து சொல்லிவருவதையும் இதே நிதானத்தோடுதான் படிக்க வேண்டும். புறக்கணிக்கக் கூடாது, அதை வைத்தே தீர்ப்பும் எழுதக் கூடாது.

பிடி கத்தரி ஆவணத்தில் வரிசை ஒப்பீடு, செரிமானச் சோதனை, பிரவுன் நார்வே எலிகளில் ஒவ்வாமைச் சோதனை, முயல் தோலில் எரிச்சல் சோதனை எல்லாம் இருந்தன. அவற்றில் அபாய அறிகுறி தென்படவில்லை. சுட்டும் பொரித்தும் அவித்தும் பார்த்ததில், சமைத்த காயில் கிரை 1ஏசி கண்டறியும் அளவில் இல்லை என்றும் சொன்னார்கள். இந்தக் கடைசி முடிவை நான் தயக்கத்தோடுதான் வாசிக்கிறேன். இவ்வகைச் சோதனையில் பயன்படும் எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் புரதத்தின் மடிப்பை அடையாளம் காண்பவை. வெந்தால் மடிப்பு அவிழும். அவிழ்ந்த புரதம் கருவிக்குத் தெரியாமல் போகலாம், அதன் துண்டுகள் ஐஜிஇக்குத் தெரியலாம். வேர்க்கடலையை வறுத்தால் அதன் ஒவ்வாமைத் திறன் கூடுகிறது என்பது நன்கு அறிந்தது. புளியும் எண்ணெயும் வறுத்த எள்ளும் சேர்ந்து நெடுநேரம் கொதிக்கும் நம் தொக்கில் புரதம் என்னவாகிறது என்பதை, அவிழ்ந்த புரதத்தையும் பிடிக்கும் முறையில் அளந்து பார்ப்பது பெரிய செலவுள்ள வேலை அல்ல.

வங்கதேசம் இதே மரபணு நிகழ்வை 2013 அக்டோபரில் அனுமதித்து, 2014 ஜனவரியில் 20 விவசாயிகளுக்கு நாற்றுக் கொடுத்தது. பிறகு சாகுபடி பரவியது. மருந்தடிப்பு குறைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. ஒவ்வாமை அலை எதுவும் பதிவாகவில்லை. எனக்கு இது ஓரளவு ஆறுதல் தருகிறது. ஆனால் தேடாத இடத்தில் எதுவும் கிடைக்கவில்லை என்பதற்கு அதிக எடை தர முடியாது.

மூச்சில் போகும் புரதம்

உண்பவரைப் பற்றியே பேசும் நெறிமுறைகள், அந்தப் புரதத்தோடு வேலை செய்பவரை மறந்துவிடுகின்றன. நம் தோல் தொழில் இதில் சொல்ல வேண்டியது நிறைய.

சுண்ணாம்பு நீக்கிய தோலை மென்மையாக்க அந்தக் காலத்தில் நாய்க் கழிவையும் புறாவின் எச்சத்தையும் கரைத்து ஊறவைத்தார்கள். அவற்றில் இருந்த புரத நொதிகளே வேலையைச் செய்தன. 1907 வாக்கில் ஜெர்மனியின் ஓட்டோ ரோம் விலங்குக் கணைய நொதியால் அந்த அசிங்கத்துக்கு முடிவு கட்டினார். இன்று பாக்டீரியாவும் பூஞ்சையும் தரும் நொதித்தூள் வருகிறது. தொழிற்சாலை நொதிகளில் பெரும் பகுதி மரபணு மாற்றிய நுண்ணுயிர்களில் விளைபவை. டிரம்மில் சுற்றிய தோலை எடுத்து, மேஸ்திரி கட்டைவிரலால் அழுத்துவார். பதிந்த தடம் அப்படியே நின்றால் பதம் சரி. அதற்கு முன்னால், மூட்டையைப் பிரித்துத் தூளை அள்ளிக் கொட்டும் தொழிலாளியின் மூக்கில் அந்தப் புரதம் ஏறியிருக்கும்.

1969இல் பிரிட்டனில் நொதி கலந்த சலவைத்தூள் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வந்ததை மைக்கேல் ஃபிலிண்ட் என்ற மருத்துவர் லான்செட் இதழில் எழுதினார். காரணம் பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவின் புரத நொதி. உணவாக அதற்கு எந்த ஒவ்வாமை வரலாறும் இல்லை. மூச்சு வழியே தூளாகப் போனபோதுதான் அது ஒவ்வாமைப் பொருள் ஆனது. தூளை மெழுகுப் பூச்சிட்ட குறுமணியாக மாற்றி, காற்றை வடிகட்டி, தொழிலாளர்களை ஆண்டுதோறும் சோதித்த பிறகு நோய் குறைந்தது. பிடி பாக்டீரியாவைப் பூச்சிமருந்தாகத் தெளித்த ஓஹாயோ வயல்களின் தொழிலாளர்களை 1999இல் ஆராய்ந்தபோது, சிலரிடம் அந்த பாக்டீரியாவுக்கு எதிரான ஐஜிஇ இருந்தது, நோய் வரவில்லை.

ஆக, ஒரு புரதம் எந்த வழியில், எந்த அளவில், எத்தனை காலம் உடம்பைத் தொடுகிறது என்பதும் அதன் வரிசையைப் போலவே முக்கியம். கத்தரித் தோட்டத்தில் முள் குத்தக் குத்தக் காய் பறிப்பவர், கமிஷன் மண்டியில் தரம் பிரிப்பவர், கல்யாண மண்டபத்தில் கூடை கூடையாகக் காம்பு நறுக்கும் பெண்கள் ஆகியோரின் கைத்தோலும் மூச்சும் மதிப்பீட்டுக்குள் வர வேண்டும். குரோமினால் ஏற்கெனவே வெடித்த கையோடு வீட்டில் காய் நறுக்குபவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடைந்த தோல் வழியே புரதம் புகுந்தால் ஒவ்வாமை உருவாகும் வாய்ப்பு கூடுகிறது என்பதை வேர்க்கடலை ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன.

கோப்பு எங்கே இருக்கிறது

அடுத்து வரிசையில் நிற்பது டிஎம்எச் 11 என்ற மரபணு மாற்றிய கடுகு. 2022 அக்டோபரில் ஜிஇஏசி பரிந்துரைத்தது. 2024 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு சொன்னார்கள். கடுகு தானே ஓர் ஒவ்வாமைப் பொருள். ஐரோப்பிய உணவு லேபிளில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய பதினான்கில் ஒன்று. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஒவ்வாமைப் பட்டியலில் அது இல்லை. ஆகவே கடுகு விஷயத்தில் புகுத்திய பார், பார்னேஸ், பார்ஸ்டார் புரதங்களைச் சோதித்தால் மட்டும் போதாது. கடுகின் சொந்த ஒவ்வாமைப் புரதங்கள் கூடினவா, குறைந்தனவா என்றும் அளக்க வேண்டும். எதிர்த்திசையிலும் இதே தொழில்நுட்பம் போகும்: சோயாவின் முக்கிய ஒவ்வாமைப் புரதம் ஒன்றை மரபணு வழியே அடக்கிக் காட்டினார்கள் அமெரிக்க ஆய்வாளர்கள், 2003இல். 2025 மே மாதம் இந்தியா அறிவித்த இரண்டு மரபணுத் திருத்த நெல் ரகங்களில் அந்நியப் புரதமே இல்லை என்பதால் அவற்றுக்கு இந்தக் கேள்வி பெருமளவு பொருந்தாது. எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு எதிர்ப்பதும் ஆதரிப்பதும் நோயாளிக்கு உதவாது.

பிடி கத்தரியின் ஒவ்வாமைத் தரவுகள் தாமாக வெளியே வந்தவை அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் போராடி, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போன பிறகு, 2008இல்தான் பொதுப் பார்வைக்கு வந்தன. கடுகுக்கோ, 2016இல் சுருக்க அறிக்கையை இணையத்தில் ஏற்றி, முழு ஆவணத்தைப் பார்க்க விரும்புபவர் முன் அனுமதி பெற்று டெல்லியில் அமைச்சகத்துக்கே வந்து படிக்கலாம் என்றார்கள். வேலூரில் ஒவ்வாமை நோயாளிகளை அன்றாடம் பார்க்கும் ஒரு மருத்துவர், தன்னிடம் வரும் நோயாளியின் சீரத்தில் அந்தப் புரதத்தைச் சோதித்துப் பார்க்க விரும்பினால், அவருக்குத் தேவைப்படுவது இரண்டு: செடியிலிருந்தே பிரித்தெடுத்த புரதம் சில மில்லிகிராம், முந்தைய சோதனைகளின் மூலத் தரவு. இரண்டையும் கேட்டவருக்குக் கொடுக்க வேண்டும் என்பதை அனுமதிக்கான நிபந்தனையாகவே ஜிஇஏசி எழுதிவிடலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, 1989ஆம் ஆண்டு விதிகளின்படி நிபந்தனை விதிக்கும் அதிகாரம் அதற்கு ஏற்கெனவே இருக்கிறது.